மணலுக்கு எந்தப் பேடில் டயர்? ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறை

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என நம் பாலக்காட்டு எல்லை ஊர்களிலிருந்து கல்ஃப் நாடுகளுக்கு மெக்கானிக் வேலைக்குப் போகும் இளைஞர்களில் சிலர், கார் ஒர்க்‌ஷாப்புக்குப் பதிலாகப் பாலைவனத்தில் பக்கி வண்டிகளை ஓட்டக் கொடுக்கும் இடங்களில் சேர்கிறார்கள். இருவர் அருகருகே அமர்ந்து, ஸ்டியரிங் பிடித்து, தலைக்கு மேல் இரும்புக் கூண்டோடு ஓட்டும் போலாரிஸ் ஆர்.இஸட்.ஆர்., கேன்-ஆம் மேவரிக் போன்ற வண்டிகளைத்தான் அங்கே பக்கி என்கிறார்கள். வேலையில் சேர்ந்த சில நாளிலேயே, மணலை அள்ளித் தள்ளும் ரப்பர் தட்டுகள், அதாவது பேடில்கள், கொண்ட பேடில் டயர்களில் எதை வாங்கலாம் என்று முதலாளி இவர்களிடம் கேட்கிறார். விற்பவர்கள் முதலில் காட்டுவது பேடில் எத்தனை, எவ்வளவு உயரம் என்ற இரண்டு கணக்குகளை. அவற்றை நான்காவது ஐந்தாவது இடத்தில் வைத்துப் பார்த்தால் போதும். இன்ஜினின் சக்தியும் அந்தச் சக்தியைக் கடத்தும் பெல்ட்டும் முதலில் வருகின்றன, டயரின் எடை அடுத்து, வெளிவிட்டம் அதற்கடுத்து.

பேடில் டயர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்த வரிசையின் காரணம் புரியும். நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலூக்கா வயல்களில் சேற்றுழவுக்கு டிராக்டரில் கேஜ் வீல் மாட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதில் புதுமை எதுவும் இல்லை. நிலத்தைப் பிடித்து ஏறுவதற்குப் பதிலாக, சக்கரம் தனக்குக் கீழே உள்ளதை அள்ளிப் பின்னே தள்ளி, அந்தத் தள்ளலில் வண்டியை முன்னே நகர்த்துகிறது. உலர்ந்த மணலுக்கு ஒட்டும் தன்மை கிடையாது என்பதால் சாதாரண டயரின் கட்டைகளுக்கு இடையே அது நிறைந்து, டயர் உருளை போல ஆகி, நின்ற இடத்திலேயே குழி பறிக்கிறது. பேடில் டயரில் வழவழப்பான உடலின் குறுக்கே ரப்பர் தட்டுகள் இடைவெளி விட்டு நிற்கின்றன. ஒவ்வொரு தட்டும் ஒரு வாரி மணலை அள்ளி வீசும். எவ்வளவு மணலை எவ்வளவு வேகத்தில் வீசுகிறதோ அந்த அளவுக்குத் தள்ளுவிசை கிடைக்கும், இன்ஜினுக்கு வேலையும் அந்த அளவுக்குக் கூடும். பேடில் தானாகச் சக்தியைத் தருவதில்லை, இருக்கும் சக்தியைச் செலவழிக்கிறது. ஆகவே செலவுக்கு ஏற்ற வரவு இன்ஜினில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

2014ஆம் ஆண்டு மாடலாக வந்த ஆர்.இஸட்.ஆர். எக்ஸ்.பி. 1000 வண்டியில் டர்போ இல்லாத 999 சி.சி. இன்ஜின், 110 குதிரைசக்தி வரை தருகிறது. 2017 மாடல் எக்ஸ்.பி. டர்போ 168 குதிரைசக்தி தருகிறது, அதே ஆண்டின் மேவரிக் எக்ஸ்3 டர்போ ஆர் 154. 2022இல் வந்த ஆர்.இஸட்.ஆர். புரோ ஆர், இரண்டு லிட்டர் இன்ஜினோடு 225ஐத் தொடுகிறது. ஒரே டயரை இந்த நான்கிலும் மாட்டி நல்லது கெட்டது சொல்வதில் பொருளில்லை. என் கணக்கில், டர்போ இல்லாத வண்டிக்கு 5/8 அங்குல உயரமுள்ள, அதாவது ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் பேடிலே எல்லை. டர்போ வண்டிக்கு 3/4 அங்குலம், அதாவது 19 மில்லிமீட்டர் பொருந்தும். இருநூறு குதிரைசக்தியைத் தாண்டிய வண்டிக்குத்தான் 7/8 அங்குலம், ஓர் அங்குலம் என்று யோசிக்க வேண்டும். நான்கு பேர் அமரும் நீள வண்டியாக இருந்தால், எடை கூடுவதால் ஒரு படி இறங்கித் தேர்ந்தெடுப்பது நல்லது.

மேலே சொன்ன நான்கு வண்டிகளிலும் சக்தி பெல்ட் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. டயர் கேட்கும் வேலை மிகும்போது பெல்ட் கிளட்ச் தட்டுகளுக்கு நடுவே வழுக்கிச் சூடேறுகிறது. பேடில் மாட்டிய வண்டி திரும்பி வந்ததும் பெல்ட் உறையைக் கழற்றிப் பாருங்கள். உள்சுவரில் மெல்லிய கருந்தூள் படிந்திருந்து, கிளட்ச் தட்டின் பளபளப்பில் பழுப்பு வளையம் தெரிந்து, பெல்ட்டின் பக்கவாட்டு விரலுக்கு வழவழப்பாகக் கண்ணாடி போலப் பட்டால், டயர் அந்த வண்டிக்குப் பெரிது என்று பொருள். பெல்ட் வெப்பமானி பொருத்தியிருந்தால் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே நிறுத்தி, நியூட்ரலில் இன்ஜினைச் சற்று ஓடவிட்டுக் கிளட்ச்சின் காற்றால் உறையை ஆற வைக்க வேண்டும். மெதுவாக ஊர்ந்து ஏறும் இடங்களில் லோ கியரில் ஓட்டாதவர்கள் எந்த டயரை மாட்டினாலும் பெல்ட்டை எரிப்பார்கள். யமஹா ஒய்.எக்ஸ்.இஸட். 1000 ஆர், ஹோண்டா டேலன் போன்ற வண்டிகளில் பெல்ட்டே இல்லை, பற்சக்கரக் கியர்பெட்டிதான். ஆகவே அவற்றில் இந்தக் கவலை வேறு வடிவம் எடுக்கிறது. சக்தி போதாவிட்டால் கியர் இறக்க வேண்டிவரும், இல்லையேல் இன்ஜின் திணறும்.

அடுத்தது எடை. சுழலும் பொருளின் சோம்பல் அதன் எடையோடும் மையத்திலிருந்து அது இருக்கும் தூரத்தின் வர்க்கத்தோடும் பெருகுவதால், வண்டியில் ஏற்றிய மூட்டையின் ஒரு கிலோவைவிட டயரின் விளிம்பில் இருக்கும் ஒரு கிலோ இன்ஜினை அதிகம் இழுக்கிறது. கற்பாதைக்கென வரும் 8 பிளை (டயர் உடலின் அடுக்குக் கணக்கு) டயர் கனமானது. மணலுக்கென்றே செய்யப்படும் டயர்களில் 2 பிளை, 4 பிளை உடல்கள் கிடைக்கின்றன, முள்ளும் கல்லும் இல்லாத இடத்தில் அவை போதும். விளம்பரத் தாளில் உள்ள எடையை நம்பாமல், ரிம்மோடு சேர்த்துத் தராசில் தொங்கவிட்டு எடை பாருங்கள். ஒப்பிடும் இரண்டு டயர்களுக்கும் ரிம் வேறாக இருந்தால் டயரை மட்டும் தனியாகவும் எடை போட வேண்டும். இலகுவான டயரை, அதன் ஓரத்தை வளையம் போட்டு இறுக்கிப் பிடிக்கும் கனமான பீட்லாக் ரிம்மில் ஏற்றி, லாபம் முழுவதையும் இழந்தவர்கள் உண்டு.

விட்டத்தின் கணக்கு எளிது. 30 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 32 அங்குலம் மாட்டினால், அதே இன்ஜின் முறுக்கத்துக்கு மணலில் கிடைக்கும் தள்ளுவிசை 30க்கு 32 என்ற விகிதத்தில், அதாவது நூற்றுக்கு ஆறு அளவுக்குக் குறைகிறது. பெரிய டயர் மணலில் மிதக்கும், அடிப்பாகமும் உயரும், அவை உண்மையான நன்மைகள்தான். ஆனால் டர்போ இல்லாத வண்டியில் அந்த ஆறு பங்கின் இழப்பை முதல் ஏற்றத்திலேயே உணரலாம். கம்பெனி தந்த விட்டத்துக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் போகாமல் இருப்பதே என் அறிவுரை. அளவைப் படிப்பதும் தெரிந்திருக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் 30×10-14 என்று அச்சிட்டிருந்தால் வெளிவிட்டம் 30, அகலம் 10, ரிம் 14 அங்குலம் என்று பொருள். பேடில் டயர்களில் அந்த 30 பேடிலின் நுனி வரை அளந்ததா, உடல் வரை மட்டுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், அச்சை வைத்து இரண்டை ஒப்பிட முடியாது.

இதை நாமே அளந்துவிடலாம். டயரை மாட்டி, ஓட்டும்போது வைக்கும் காற்றையே வைத்து, ஒருவரை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தி, டயரும் தரையும் தொடும் இடத்தில் இரண்டிலும் சாக்பீஸால் கோடு போட்டு, வண்டியைச் சமதரையில் ஒரு முழுச் சுற்றுத் தள்ளி, தரையில் மறு கோடு போட்டு இடைப்பட்ட தூரத்தை டேப்பால் அளந்தால் உருளும் சுற்றளவு கிடைக்கும். முன் டயருக்கும் பின் டயருக்கும் தனித்தனியே அளக்க வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு முக்கியமானது. ஆர்.இஸட்.ஆரில் பின்சக்கரம் வழுக்கிய பிறகே முன்சக்கரம் தானாகச் சேர்கிறது. முன் டயரின் சுற்றளவு மிகக் குறைந்துபோனால் அது சேரத் தாமதமாகி, வண்டி ஏற்கெனவே புதைந்திருக்கும். மிகக் கூடிப்போனால் தேவையில்லாத நேரத்திலும் சேர்ந்துகொண்டு முன்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃப்ரன்ஷியலைச் சிரமப்படுத்தும். கம்பெனி டயர்களின் முன் பின் அளவை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, புதிய ஜோடியும் அதே விகிதத்துக்கு அருகில் வருகிறதா என்று பார்ப்பதே சரியான வழி.

இனிப் பேடிலுக்கே வரலாம். நேராகக் குறுக்கே நிற்கும் பேடில், அள்ளும் மணல் முழுவதையும் நேர் பின்னே வீசுவதால், நேர்க்கோட்டில் ஏற்றத்தை வெட்டி ஏறுவதற்கும் பந்தயத்துக்கும் ஏற்றது. மணல்மேட்டின் சரிவில் பக்கவாட்டாக ஓட்டும்போது அது வண்டியைத் தாங்காது, பின்பக்கம் கீழ்நோக்கி வழுக்கும். வி வடிவில் மடித்த பேடில் பக்கவாட்டுப் பிடிப்பைத் தருகிறது. ஒரு தட்டு மணலை விடும் முன்பே அடுத்த தட்டின் ஓரம் மணலில் இறங்கிவிடுவதால் குலுக்கமும் குறைகிறது. அகப்பை போலக் குழித்த பேடில் மிக அதிக மணலை அள்ளும், இன்ஜினிடம் மிக அதிகமாகக் கேட்கும். சுற்றுலாப் பயணிகளுக்குக் கொடுக்கும் வண்டிக்கு வி வடிவமே ஏற்றது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஓட்டத் தெரியாதவர் எந்தக் கோணத்தில் சரிவுக்குள் நுழைவார் என்று யாராலும் சொல்ல முடியாது.

எண்ணிக்கை கூடக்கூட நல்லது என்பது பொதுவான நம்பிக்கை. 30 அங்குல டயரின் சுற்றளவு ஏறத்தாழ 240 சென்டிமீட்டர். 12 பேடில் இருந்தால் இடைவெளி 20 சென்டிமீட்டர், 16 இருந்தால் 15. இடைவெளி குறையும்போது ஓட்டம் மென்மையாகும், ஆனால் ஒரு தட்டு கலைத்த மணலிலேயே அடுத்த தட்டு இறங்குவதால் ஒவ்வொன்றும் அள்ளுவது குறைகிறது, ரப்பரின் எடையும் ஏறுகிறது. உயரமான பேடிலுக்கு எண்ணிக்கை குறைவாகவும் தாழ்ந்த பேடிலுக்கு எண்ணிக்கை கூடுதலாகவும் இருப்பதே இயல்பான சேர்க்கை. உயரமும் எண்ணிக்கையும் சேர்ந்தே கூடிய டயரைப் பெரிய டர்போ வண்டிக்கு வெளியே யாரும் வாங்க வேண்டியதில்லை. இன்னொன்றையும் ஒப்பீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். குழித்த பேடில் முன்னோக்கித்தான் அள்ளும், ரிவர்ஸில் அதன் முதுகு மணலைத் தள்ளாமல் நழுவவிடும். புதைந்த வண்டியைப் பின்னே எடுப்பது அடிக்கடி நேரும் இடங்களில் குழிவு குறைந்த பேடில் எவ்வளவோ மேல்.

முன் டயரைப் பலர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கிறார்கள். பின்னே பேடில் மாட்டி முன்னே பழைய டயரையே விட்டால், பின்பக்கம் தள்ளும் வேகத்தில் முன்பக்கம் ஸ்டியரிங் திருப்பிய பக்கம் போகாமல் நேரே வழுக்கும். மணலுக்கான முன் டயர் வழவழப்பான உடலோடு, நடுவில் சுற்றிவரும் ஒரு ரப்பர் வரம்போ இரண்டு மூன்று வரம்புகளோ கொண்டது. அந்த வரம்பு மணலைக் கீறிக்கொண்டு திரும்ப உதவுகிறது. பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வகைகளுக்கு அது போதும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு நடு வரம்போடு இருபுறமும் தாழ்ந்த சாய்வுப் பேடில்கள் உள்ள முன் டயர் நல்லது. நான்கையும் ஒரே நிறுவனத்தின் ஒரே தொகுப்பாக வாங்குவது செலவானாலும் சுற்றளவுப் பொருத்தத்தின் தலைவலியைக் குறைக்கும்.

மணலும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. துபாய்–ஹத்தா சாலையில் ஷார்ஜாவுக்கு உட்பட்ட அல் பதாயர் மேடுகள், ஓமானின் வஹீபா மணல்வெளி, கத்தாரின் சீலைன் கரை என்று நம் ஊர்க்காரர்கள் வேலை பார்க்கும் இடங்களிலேயே மேட்டின் உயரமும் மணலின் பருமனும் மாறுகின்றன. மேட்டின் காற்று வீசும் முகம் சற்றுக் கெட்டியாகவும் சாய்வு குறைந்தும் இருக்கும். மறுபக்கச் சரிவு மணல் தானாக நிற்கக்கூடிய எல்லைச் சாய்வில், ஏறத்தாழ 34 டிகிரியில், பொலபொலவென்று நிற்கும். பனி இறங்கிய காலையில் கெட்டியாக இருந்த அதே சரிவு பிற்பகலில் உலர்ந்து இளகிவிடும். மேடுகளுக்கு நடுவே உப்புப் படிந்த சப்கா நிலமும் சரளைத் தரையும் வரும் பாதையாக இருந்தால், பேடிலின் ஓரங்கள் விரைவில் வட்டமாகத் தேய்ந்துபோகும் என்பதால் உயரமான விலைகூடிய பேடில் வீண் செலவு. தார்ச்சாலையில் பேடில் டயரை ஓட்டவே கூடாது, மணல் தொடங்கும் இடம்வரை டிரெய்லரில் கொண்டுபோக வேண்டும். ஊருக்குத் திரும்பியபின் இதை இங்கே மாட்டிப் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கண்ணூருக்கு அருகே முழப்பிலங்காடு கடற்கரை மணல் சாதாரணக் காரே ஓடும் அளவுக்கு இறுகியது, அங்கே பேடிலுக்கு வேலையில்லை. நம் கிழக்குச் சித்தூரின் கரிசல் மண் ஈரமானால் பேடிலுக்கு நடுவே அப்பிக்கொண்டு டயரை உருளையாக்கிவிடும். ஆற்றுப்படுகையில் வண்டி விடும் யோசனையை ஆரம்பத்திலேயே கைவிடுங்கள்.

காற்றின் அளவு இரண்டு டயர்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டையே மறைத்துவிடக்கூடியது. பேடில் டயருக்குப் பொதுவாக 8 முதல் 15 பவுண்டு வரை வைக்கிறார்கள். பஞ்சர் கடையில் உள்ள லாரி டயர் கேஜ் இந்தத் தாழ்ந்த அளவைச் சரியாகக் காட்டாது, 30 பவுண்டுக்குள் முடியும் சிறிய கேஜ் வேண்டும். காலையில் 20 டிகிரியில் 10 பவுண்டு வைத்த டயர், வெயிலிலும் ஓட்டத்திலும் 45 டிகிரிக்குச் சூடேறினால் ஏறத்தாழ 12 பவுண்டு ஆகிவிடும். அவ்வளவு தாழ்ந்த அளவில் இரண்டு பவுண்டு என்பது பெரிய மாற்றம். காற்றைக் குறைத்தால் டயர் அகன்று மிதக்கும், ஆனால் அதிகம் குறைத்தால் நடு உடல் உள்ளே குழிந்து பேடிலின் நடுப்பகுதி மணலைத் தொடாமல் போகும், திருப்பத்தில் டயர் ரிம்மிலிருந்து விலகவும் கூடும். 8 பவுண்டுக்குக் கீழே ஓட்டும் பழக்கம் இருந்தால் மட்டுமே பீட்லாக் ரிம் தேவைப்படுகிறது.

இரண்டு டயர்களைக் களத்தில் ஒப்பிடும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். ஒரே வண்டி, ஒரே ஓட்டுநர், ஒரே அளவு பெட்ரோல், ஆறிய டயரில் ஒரே காற்று. சீரான சரிவுள்ள மேடு ஒன்றின் அடியில் கொடி நட்டு, நின்ற நிலையிலிருந்து முழு ஆக்சிலேட்டரில் ஏறி, வண்டி தானாக நின்றுபோகும் உயரத்தில் மற்றொரு கொடி நட வேண்டும். உச்சியைத் தாண்டிவிடும் மேடு இந்தச் சோதனைக்குப் பயன்படாது. முதல் ஓட்டம் தடத்தைக் கலைத்துவிடுவதால் அடுத்த ஓட்டத்தை ஒரு வண்டி அகலம் தள்ளிப் புதிய மணலில் ஓட்டுங்கள். முதல் டயர், இரண்டாம் டயர், மறுபடி முதல் டயர் என்ற வரிசையில் ஓட்டினால், வெயில் ஏறி மணல் இளகியதால் வந்த வேறுபாட்டை டயரின் வேறுபாடு என்று எண்ணிவிடாமல் தப்பலாம். ஒவ்வொரு ஏற்றத்துக்குப் பிறகும் பெல்ட் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சற்று உயரமாக ஏறிய டயர் பெல்ட்டையும் மிகவும் சூடாக்கியிருந்தால், வாடகை வண்டிக்கு நான் மற்றதையே எடுப்பேன். அதே மேட்டைப் பக்கவாட்டாகக் கடந்து, பின்பக்கம் எவ்வளவு கீழே நழுவுகிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

மாட்டும்போது திசை தவறக்கூடாது. சக்கரத்தின் உச்சியில் நிற்கும் பேடிலின் குழிந்த முகம் வண்டியின் முன்பக்கத்தைப் பார்க்க வேண்டும், அப்போதுதான் அடியில் வரும்போது அது பின்பக்கம் பார்த்து மணலைத் தள்ளும். இடது, வலது டயர்களை அப்படியே இடம் மாற்ற முடியாது என்பதால் ஸ்டெப்னி வாங்குவோர் எந்தப் பக்கத்துக்கு என்று முன்பே தீர்மானிக்க வேண்டும். ரிம்மின் போல்ட் வட்டமும், அதாவது போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டமும், வண்டிக்கு வண்டி மாறும். ஆர்.இஸட்.ஆர். எக்ஸ்.பி. வகைகளுக்கு நான்கு போல்ட், 156 மில்லிமீட்டர். மேவரிக் எக்ஸ்3க்கும் டேலனுக்கும் நான்கு போல்ட், 137. ஒய்.எக்ஸ்.இஸட்.டுக்கு 110. கலப்பு வண்டிகள் உள்ள கேம்ப்பில் ரிம்மோடு சேர்த்து மொத்தமாக வாங்கும் முன் இதைச் சரிபார்க்காவிட்டால் பாதி டயர் கிடங்கிலேயே கிடக்கும்.

பழைய டயர் மலிவாகக் கிடைத்தால் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் படியுங்கள். 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பிறகு ஒவ்வொரு பேடிலையும் கட்டைவிரலால் பின்னே வளைத்து, அதன் அடிவேரைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பாருங்கள். சில டயர்களில் பேடிலும் உடலும் ஒரே அச்சில் வார்த்தவை, சிலவற்றில் வழித்த உடலின் மேல் பேடிலைத் தனியே சூடேற்றி ஒட்டியிருப்பார்கள். ஒட்டிய வகையில் மயிரிழைக் கோடு ஒன்று வேரில் தெரிந்து, அதற்குள் மணல் துகள் புகுந்திருந்தால் வேகத்தில் அந்தப் பேடில் கழன்று பறக்கும். அடுத்தடுத்து இரண்டு பேடில்களில் அப்படி இருந்தால் விலை எதுவானாலும் வாங்காதீர்கள். கோடைக்காலத்தில் ஓட்டம் நின்றபின் டயர்களைக் கழற்றி, சப்கா உப்பைத் தண்ணீரால் கழுவி, பேடில்மேல் பாரம் விழாதபடி பக்கவாட்டாகப் படுக்கவைத்து நிழலில் அடுக்க வேண்டும். இடம், வலம், முன், பின் என்று சாக்பீஸால் எழுதி வைத்தால் அக்டோபரில் மாட்டப்போகும் ஆளுக்குத் திசை தேடும் வேலை இருக்காது.